தோணிமேட்டுத் துறைமுகத்தில் ஒரு பரிசல்கூட இல்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இதை நானாக எழுதவில்லை, எழுதச் சொன்னார்கள். கொள்ளேகால் பக்கம் காவிரிக் கரையில் தோணிமேடு என்று ஓர் ஊர் (வரைபடத்தில் தேடாதீர்கள், பெயர் நான் வைத்தது). அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள், ஊருக்குப் பழைய ஆற்றுத் துறைமுகம் என்று ஒரு வரலாறு வேண்டும் என்று ஊர்க் கமிட்டித் தலைவர் மனோஜ்குமார் மைசூரில் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"பழங்காலத்தில் இங்கே நூறு கப்பல்கள்..." என்று ஆரம்பித்தேன். அந்த ஆற்றுப் பாறைகளுக்கு நடுவே எருமையே யோசித்துத்தான் இறங்கும். அடித்துவிட்டு ஐம்பது என்று போட்டேன். மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா?

2

வரலாறு ஊருக்குள் போனதும் வீட்டுக்கு வீடு மாலுமிப் பரம்பரை முளைத்தது. பரிசல்காரன் பேரன் என்று சொல்லிக்கொள்ள ஆளில்லை. (அந்த ஊர் புளி விற்றதும் பெண் எடுத்ததும் பரிசலில் அக்கரைக்குப் போய்த்தான். இந்த வாக்கியத்தைக் கமிட்டி நீக்கிவிட்டது.)

3

இனி நிம்மி. மைசூர்ப் பெண், தோணிமேட்டுச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். முதல் வரைவில் அவளை அழகி என்று எழுதினேன். இந்தக் கதையில் அதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, எடுத்துவிட்டேன்.

அதிகாரிகள் வரும் நாள் காலையில் போன். அக்கரையில் உமாதேவிக்குத் தலைப்பிரசவம், பனிக்குடம் உடைந்துவிட்டது. பாலம் வழியாகப் போனால் மத்தியானமாகிவிடும். பரிசலில் போனால் வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம். நிம்மி பையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினாள்.

துறையில் வாழைமரம், தோரணம், அட்டையில் செய்த கப்பல். பரிசலைக் காணோம்.

"பரிசல் எங்கே சார்?"

"மறைச்சு வெச்சாச்சுங்க மேடம்," என்றார் மனோஜ்குமார். "ஆபீசருங்க வர்ற நேரத்துல துறைமுகத்துல மூங்கில் கூடையா மெதக்கோணும்?"

"அங்கே ஒரு பொண்ணு உயிருக்குப் போராடறா. நீங்க சும்னே கூடை கீடைன்னு பேசறீங்க." (சும்னே என்றால் மைசூர்க் கன்னடத்தில் சும்மா.)

"மத்தியானம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கச் சொல்லுங்க."

அவள் பரிசல்காரர் காளியப்பனைத் தேடினாள். அவர் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் கப்பல் தலைவன் வேஷத்தில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கே எடத்தைச் சொல்லலீங்க அம்மிணி. கப்பித்தானுக்கு எதுக்குப் பரிசலுன்னு கேக்கறாங்க."

4

முடிவுக்கு மூன்று வழி பார்த்தேன்.

நிம்மி ஆற்றில் குதித்து நீந்துகிறாள். (அவளுக்கு நீச்சல் தெரியாது.)

அதிகாரிகள் மனமிரங்கித் தங்கள்... சரி, இதை நீங்களே நம்பமாட்டீர்கள்.

"ஒரு பரிசல் வந்து நின்றது" என்று எழுதினேன். உடனே மனோஜ்குமார் போன் செய்தார்: "சார், அந்த வரியை எடுத்துருங்க. ஊர் மானம் போகுதுங்க." எடுத்துவிட்டேன். ஐம்பது கப்பல் எழுதியவனுக்கு ஒரு பரிசல் எழுதத் துணிச்சல் இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

5

உமாதேவி கத்துவது இக்கரைக்கே கேட்கிறது. மேளம் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், கேட்காமலிருக்க. நிம்மி முழங்கால் தண்ணீரில் பையோடு நிற்கிறாள்.

பரிசல் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வைக்கோல் போருக்குள் கிடக்கிறது. தலையில் கவிழ்த்துத் தூக்கிவர ஓர் ஆள் போதும். என் கையில் பேனா இருக்கிறது. உங்கள் கை சும்மாத்தானே இருக்கிறது, எழுந்திருங்கள்.