நான்காம் இயந்திரத்தின் இரட்டை எண்

நான்காம் இயந்திரத்தின் காசுகளில் ஆண்டின் கடைசி எண் இரட்டையாகத் தெரிந்தது. எட்டரை மணிக்குப் பரிசோதனைக்கு வந்த தட்டில் லேசாக. ஒன்பது மணித் தட்டில் பூதக்கண்ணாடி இல்லாமலே.

நாணயச்சாலையின் மாடியில்தான் பரிசோதனை அறை. கீழே ஆறு அச்சு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு எழுநூறு முறை அடிக்கும். என் மேசை எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். நான்காவதை ஓட்டுபவர் என் அத்தான், அக்காவின் கணவர்.

மேற்பார்வையாளர் ஒரு காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"காசை அடிக்கிற அச்சைச் செய்யும்போதே அதுல எண் ரெண்டு தடவை பதிஞ்சிருக்கு. இரட்டை அச்சு. காசு சேர்க்கிறவங்க பார்த்தா கொண்டாடுவாங்க. அச்சை மாத்தினா சரியாயிடும், இதுக்கா முகத்தை இப்படி வச்சிருக்கீங்க?"

அப்படியென்றால் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் ஏன் வேறுபாடு என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

அச்சை மாற்றினார்கள். ஒன்பதரை மணித் தட்டை அத்தானே கொண்டுவந்தார்.

"என்ன விஞ்ஞானி, இப்பவாவது பாஸ் போடுவியா? உங்கக்கா குழம்புக்கே நான் பாஸ் போடுறேன்."

"அத்தான், மெஷின்ல சத்தம் மாறியிருக்கா?"

"காதுல பஞ்சு. வீட்டுலயும் எடுக்கிறதில்ல." சிரித்தபடி இறங்கிப்போனார்.

காசுகளை நுண்ணோக்கியில் வைத்தேன். புது அச்சு அடித்த காசிலும் எண் இரட்டையாகவே இருந்தது.

பிழை அச்சிலேயே இருந்தால், அது அடிக்கும் எல்லாக் காசிலும் ஒரே மாதிரி விழும். இரண்டாவது எண்ணும் உருண்டு உயர்ந்து நிற்கும். எண் தடிக்கும், முனைகள் பிளந்திருக்கும். இங்கே எண்ணின் ஓரம் படிக்கட்டு போலத் தட்டையாக நசுங்கி, எண் மெலிந்திருந்தது. ஒரு காசில் படி அகலம், அடுத்ததில் குறைவு. அடித்த கணத்தில் அச்சு நகர்ந்திருக்கிறது. பழைய அச்சும் புது அச்சும் நகர்ந்தன என்றால், அவற்றைப் பிடித்திருப்பது தளர்ந்திருக்கிறது.

ஒவ்வொரு தட்டிலும் அகலமான படியை அளந்தேன். நாற்பது மைக்ரான், எழுபது, நூற்றுப்பத்து.

அச்சின் கடினமாக்கிய எஃகு வளையாது. சரிந்து அடித்தால் சிதறும்.

பெட்டியில் விழும் காசுகளில் கீறல் இருப்பதால் சரியாகப் பார்க்க முடியவில்லை என்று போன மாதம் எழுதிக்கொடுத்தது நான்தான். அதிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை, இயந்திரம் ஓடும்போதே காப்பு மூடியின் சிறு கதவைத் திறந்து, முகத்தை அருகில் கொண்டுபோய், அச்சின் வாயிலேயே இடுக்கியால் காசு எடுக்கிறார்கள்.

மணி ஒன்பது நாற்பத்தைந்து. அடுத்த காசு எடுப்பது பத்துக்கு. கீழே போன் செய்தேன்.

"அச்சைத்தான் மாத்தியாச்சேம்மா," என்றார் மேற்பார்வையாளர்.

"அச்சு இல்ல சார். அது... அதைப் பிடிச்சிருக்கிற..."

"நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். எழுதி அனுப்புங்க."

வைத்துவிட்டார். படிகளில் ஓடினேன். புது அச்சைப் பார்க்க, நேரத்துக்கு முன்பே அத்தானின் கை சிறு கதவின் கொக்கியில் இருந்தது. கத்தினேன். திரும்பவில்லை. சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தேன்.

நான்காம் இயந்திரம் நின்றது. ஃபிட்டர் வந்து மூடியைக் கழற்றினார். அச்சைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்களில் இரண்டுக்குத் தலை இல்லை. மூன்றாவது அவர் விரலிலேயே சுழன்றது.

அத்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"உங்கக்காகிட்ட சொல்லிடாதே."

ஃபிட்டர் உடைந்த போல்ட்டைக் கையில் வைத்திருந்தார். "இது போன வாரம் வந்த சரக்கு சார். ஆறு மெஷினுக்கும் ஒரே நாள்லதான் மாட்டினேன்."

"மத்த அஞ்சுலயும் காசு நல்லாத்தானே வருது?" மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். "மத்தியானம் பார்த்துக்கலாம்."

"அதுங்க ஒன்பதரைத் தட்டு வரைக்கும்தான் நல்லா வந்துச்சு சார்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து. கூடத்தின் இரு பக்கமும் ஐந்து பேர் சிறு கதவுகளைத் திறந்து, இடுக்கியோடு குனிந்துகொண்டிருந்தார்கள். எதை முதலில் நிறுத்துவது என்று தெரியவில்லை. மூன்றாவதை நோக்கி ஓடினேன்.