இரண்டு தலைவர்களுக்கும் பொதுவான வீடு

1.

"ஒங்க ஆபீசுக்கு நான் வந்து கையெழுத்துப் போடணுமோ? நான் என்ன ஒங்களுக்கு ஏவலாளா மச்சான்?"

"அப்ப நான் ஒங்க ஊராட்சி ஆபீசுக்கு வரணுமாக்கும்! பேரூராட்சித் தலைவர்யா நான்!"

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான், என் வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது, எதிர்வீட்டு வாசலிலிருந்து. (ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். கத்தியது அவர்கள்.) முதலில் வேறு மாதிரி தொடங்கினேன்: 'மதுரைக்கு மேற்கே, அந்தி மயங்கும் வேளையில், பச்சை வயல்களினூடே' — வயல் எங்கே இருக்கிறது? எல்லாம் மனைக்கல். அடித்துவிட்டேன்.

2.

முதலில் கத்தியவர் ஊராட்சித் தலைவர் பேச்சிமுத்து. பதிலுக்குக் கத்தியவர் பேரூராட்சித் தலைவர் ஜெயக்கொடி. ஊர்ப் பெயர்களை எழுதமாட்டேன். எழுதினால் என் வீட்டு வாசலில் தெருவிளக்கு எரியாது. பரவைக்கு அந்தப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனைகள் பெருகி இரண்டு ஊரும் ஒட்டிக்கொண்டன. சாக்கடை ஒருவருடையது, அது போய் விழும் கண்மாய் மற்றவருடையது. எனவே குடிநீர், குப்பை, மனை அனுமதி எல்லாவற்றையும் சேர்ந்து பார்க்க ஓர் ஒப்பந்தம். அதைப் பேசி முடிக்க ஒரு மாதம். யார் அலுவலகத்தில் கையெழுத்து என்பதற்கு எட்டு மாதம்.*

* யாருக்கு முதல் பரிவட்டம் என்று ஆறு வருடம் திருவிழாவையே நிறுத்திவைத்த ஊர்கள் இவை. எட்டு மாதம் வேகம்தான்.

3.

சண்டை நடந்தது எதிர்வீட்டு ஹெப்சிபாவின் வாசலில். அவர் மிஷன் பள்ளியில் கிளார்க். கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் ஹாலை இரண்டு ஊர்களின் எல்லைக்கோடு இரண்டாகப் பிளக்கிறது. குழாய் இணைப்பு கேட்டு மூன்று வருடம் அலைந்தார். இவர் அவரிடம் போகச் சொன்னார், அவர் இவரிடம். குளிப்பதற்கும் கேன் தண்ணீர்.

இவரை அப்பாவியாக எழுதத்தான் நினைத்தேன்; உங்களுக்கும் மனம் இளகும். ஆனால் அப்பாவி இப்படிப் பேசுவாரா?

"ரெண்டு பேரும் எங்க ஹாலுக்கு வாங்க சார். அவுகவுக எல்லையில உக்காந்து போடுங்க. அப்படியே எனக்கொரு குழாய்..."

"அம்புட்டுத்தானக்கா? குடுத்துருவோம்!" என்றார்கள் இரண்டு தலைவர்களும்.

4.

கையெழுத்தானது. கேசரி சாப்பிட்ட சந்தோஷத்தில் ஜெயக்கொடி சொன்னார்: "இந்த வீடு ரெண்டு பேருக்கும் பொதுன்னு ஒரு வரி சேத்துருவோம் மாப்ள. அக்காவுக்கும் மரியாதை."

சேர்த்தார்கள். அன்றுமுதல் ஹெப்சிபாவின் எந்த மனுவுக்கும், குழாய் மனு உட்பட, இரண்டு தலைவர்களும் ஒப்பமிட வேண்டும்.

"மச்சான் போட்ட பெறகு நான் போட்டா, நான் ரெண்டாவது ஆளாக்கா?" என்றார் பேச்சிமுத்து. அதையே ஜெயக்கொடியும் கேட்டார், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

5.

முடிவு (அ): ஹெப்சிபா காலிக் குடத்தோடு சாலையில் உட்கார, கலெக்டர் காரிலிருந்து இறங்கி — வேண்டாம். கதையென்றாலும் கொஞ்சம் நம்பும்படி இருக்க வேண்டும்.

முடிவு (ஆ): நடந்தது. ஹெப்சிபா திருப்பரங்குன்றத்தில் வாடகைக்குப் போனார். ஒப்பந்தத்தின் கூட்டுக் குழுவுக்குப் பொதுவான இடத்தில் அலுவலகம் தேவைப்பட்டது. அவர் வீட்டையே வாடகைக்கு எடுத்தார்கள். ஒரே வாரத்தில் குழாய் வந்தது. ஒன்றல்ல, கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று.

குழுக் கூட்டங்களில் இன்னொன்றும் முடிவானது. ஜெயக்கொடி மகள் ரோகிணிக்கும் பேச்சிமுத்து மகன் சூரியபிரகாஷுக்கும் கல்யாணம். முடிந்த கையோடு இருவரும் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். இரண்டு அப்பன்களும் இல்லாத ஊராம்.

கல்யாணத்தில் ஹெப்சிபாவைப் பார்த்தேன். "காலி பண்ணச் சொல்லுங்கக்கா. இப்பத்தான் குழாய் இருக்குல்ல?" என்றேன்.

"அவுக காலி பண்ணுனா குழாய் இருக்கும்ங்கிறீங்க?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் (இ) எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது, அவர் திருப்பரங்குன்றம் வாடகையை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிவிட்டிருந்தார்.