பாதி மூடிய கண்

"வாயைத் திறவுங்கோ."

வேலிப் படலையடியில் நின்ற கிறிஸ்தோப்பர் வாயைத் திறந்தான். ஜெனீற்றா கிட்டப்போய் மூக்கை வைத்து மணந்தாள். உப்பு, மீன் வெடுக்கு, விடியத் தின்ற பாணும் சம்பலும். சாராயமும் இல்லை, கள்ளும் இல்லை. ஆனால் மனிசன் நின்ற நிலையிலேயே ஆடினான். கண் சொருகியது. வாய் காய்ந்து நாக்குத் தடித்து, "கொஞ்சம் தண்ணி தாரும்" என்றான். வெறிகாரனுக்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?

இந்த மணந்து பார்க்கிற வேலை அவள் கேட்டு வாங்கியதல்ல. இரண்டு வருடத்துக்கு முன், குடி தாங்காமல் சூட்கேசோடு தாய்வீட்டுக்குப் போனவளைக் கூட்டிவர வந்தபோது அவனே சொன்னது. "இனித் தொடமாட்டன். நம்பாட்டி நாளும் வாயை மணந்து பாரும்." அன்றிலிருந்து கடலால் வந்ததும் படலையடியில் நிற்பான், வாயைத் திறப்பான். ஒருநாளும் பிடிபட்டதில்லை. மணக்கிற ஆளுக்குத்தான் சிலவேளை வெட்கமாக இருக்கும்.

ஆனால் இந்தப் பத்து நாளாய் ஆடி ஆடி வருவது? கடவுளே, என்னத்தை நம்புவது?

பின்னாலேயே பஸ்ரியாம்பிள்ளை வந்தார். கிறிஸ்தோப்பர் தொழிலுக்குப் போகும் வள்ளத்தின் சம்மாட்டி அவர். வள்ளமும் வலையும் அவருடையவை. வழக்கமாக வெளியில் நின்று குரல் கொடுக்கிறவர், அன்று கேளாமல் உள்ளே வந்துவிட்டார்.

"பிள்ளை, இண்டைக்கு இவன் எங்களைக் கொல்லப் பாத்தவன். சுக்கானைப் பிடிச்சபடி நித்திரை! வள்ளம் நேவிக்காரன்ரை எல்லைக்குள்ளை போயிட்டுது. அவன் துவக்காலை மேலை பாத்து வெடி வைச்சான். சமாதானக் காலமெண்டபடியால் மேலை பாத்தான். முந்தியெண்டால் எங்களைப் பாத்திருப்பான்."

"நான் குடிக்கேல்லை அண்ணை," என்றான் கிறிஸ்தோப்பர்.

"குடியாதவன் சுக்கானோடை கூத்தாடுவானோ? திங்கட்கிழமை வலை பொத்திற நாள், கடல் இல்லை. செவ்வாய்க்கிழமை உன்ரை இடத்துக்கு வேறை ஆள் ஏத்துறன்."

அவர் போய்விட்டார். ஒரு சம்மாட்டி வெறிகாரன் என்று இறக்கிவிட்ட ஆளை நாரந்தனையில் மற்றச் சம்மாட்டி ஏற்றமாட்டார். பனைக்குக் கீழே நின்று பாலைக் குடித்தாலும் கள் என்று சொல்லுகிற ஊர் இது. இவனோ அந்தப் பனைக்குக் கீழேயே ஒன்பது வருடம் கிடந்தவன்.

"நீரும் நம்பேல்லை, என்ன?" என்று கிறிஸ்தோப்பர் கேட்டான். அவள் தண்ணிச் செம்பை நீட்டினாள். நம்பவில்லைத்தான்.

அவன் குசினிக் கதிரையில் இருந்து கால்களை நீட்டினான். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை இரண்டு காலிலும் கடையில் தருகிற பொலித்தீன் சொப்பிங் பாக் சுற்றி, நைலோன் நூலால் கட்டியிருந்தது. சித்திரையில் பிடித்த கரப்பன். சொறியச் சொறிய அடங்காத கடி, உப்புத் தண்ணி பட்டால் உயிர் போய் வரும். ஆனி மாதம் அந்தோனியார் திருநாளுக்குக் கனடாவிலிருந்து வந்த அவனுடைய தங்கை மாக்கிறேற், தனக்கு டொக்டர் எழுதித் தந்த களிம்பு என்று ஒரு ரியூப்பைப் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போனாள். "அண்ணை, இது கடிக்கு நல்லாக் கேக்கும். கண்ணிலைமட்டும் படவிடாதேங்கோ, பெட்டியிலை கண் படம் கீறிக் கிடக்கு."

கேட்கத்தான் செய்தது. பூசின அன்றே கடி அடங்கிவிட்டது. கட்டு, ஜெனீற்றாவின் யோசனை. கட்டாத மருந்து மருந்தா? அவளுடைய தாய் அந்த நாளில் வாழையிலை வைத்துக் கட்டினாள், இவள் சொப்பிங் பாக் வைத்துக் கட்டினாள். களிம்பு வழியாது, உப்புத் தண்ணியும் உள்ளே போகாது. நாளும் விடியப்புறம் பாணுக்குப் பட்டர் பூசுவதுபோலத் தடிப்பாகப் பூசி, கட்டி அனுப்பினாள். தன் கெட்டித்தனத்தை அக்கம்பக்கத்திலும் சொல்லிக்கொண்டாள்.

அடுத்தநாள் ஞாயிறு. கடல் இல்லாத நாளில் பூச்சும் இல்லை, வெள்ளைக் காற்சட்டைக்குள் சொப்பிங் பாக்கும் இல்லை. கோயிலுக்குப் போனார்கள். பங்குச் சாமியாரின் பிரசங்கத்துக்கு நித்திரை கொள்ளாத ஆம்பிளை ஊரில் இல்லை. கிறிஸ்தோப்பரோ அதில் தலைமகன். முழங்கையால் இடித்து எழுப்ப ஜெனீற்றா ஆயத்தமாகத்தான் இருந்தாள். இடிக்க வேலையே வரவில்லை. மனிசன் கண்ணை அகல விழித்துக்கொண்டு கடைசிவரை கேட்டான்.

"சாமி இண்டைக்கு நல்லாச் சொன்னவர்," என்றான் வெளியே வந்து.

ஜெனீற்றா அப்படியே நின்றுவிட்டாள். இந்தப் பிரசங்கத்துக்கு நித்திரை கொள்ளாத மனிசன் கடற்காற்றில் எப்படி நித்திரை கொண்டான்? நேற்று இருந்து இன்றைக்கு இல்லாதது என்ன?

வீட்டுக்கு ஓடிவந்து அலுமாரியைத் திறந்து ரியூப்பின் பெட்டியை எடுத்தாள். மஞ்சள் ஒட்டுத்துண்டில் கண் படம். இத்தனை நாளும் பார்த்த கண்தான், ஆனால் அது பாதி மூடியிருந்தது. கண்ணில் படக்கூடாது என்பதற்கு எவனாவது நித்திரை தூங்கும் கண்ணைக் கீறுவானா?

"நாளைக்கு ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குப் போறம்," என்றாள்.

"எல்லாருக்கும் முன்னாலை காலைக் காட்டிக்கொண்டோ? என்னாலை ஏலாது."

"வெறிகாரன் எண்டு பேர் எடுக்கிறதிலும் கரப்பன்காரன் எண்டு பேர் எடுக்கிறது திறம். வாயைப் பொத்திக்கொண்டு வாங்கோ."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே போனார்கள். டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை. சுக்கானில் நித்திரை கொண்ட கதையைக் கேட்டுக்கொண்டே பெட்டியை வாங்கி இரண்டு பக்கமும் வாசித்தா. முகம் மாறியது.

"இதிலை மாக்கிறேற் எண்டு பேர் இருக்கு. ஆர் அவ?"

"இவரின்ரை தங்கச்சி."

"அவவுக்கு எழுதின மருந்தை இவர் பூசினவரோ? எத்தினை நாள்?"

"பத்து நாள்."

"எட்டு நாளுக்கு மேலை பூசக்கூடாது எண்டு போட்டிருக்கு. இது தோலாலை இரத்தத்துக்குள்ளை போற மருந்து. நித்திரை வரும், வாய் காயும். பூசிப்போட்டு வாகனமே ஓட்டக்கூடாது. நீங்கள் சுக்கான் பிடிச்சிருக்கிறியள்." காலைத் தூக்கிப் பார்த்தா. நூல் இறுகிய தடம் இன்னும் மாறாமல் வட்டமாகக் கிடந்தது. "இதென்ன, மேலை கட்டினதோ?"

"சொப்பிங் பாக்காலை."

"ஐயோ! பொலித்தீன் சுத்தினால் இன்னும் கனக்க உள்ளுக்கை இழுக்கும். ஆர் கட்டினது?"

கிறிஸ்தோப்பர் சுவரைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை.

"நான்தான் டொக்டர்," என்றாள் ஜெனீற்றா. தன் கையாலேயே அவனைத் தூங்கவைத்து, வெடிக்கு முன்னால் அனுப்பி, திரும்பி வந்தவனின் வாயையும் மணந்திருக்கிறாள். இதைவிட வேறென்ன பாவம் இருக்கு?

டொக்டர் அந்த ரியூப்பை இனித் தொடவேண்டாம் என்று சொல்லி, வேறொரு களிம்பு எழுதிக் கொடுத்தா. "இது நித்திரை ஆக்காது. அதுக்காக இதையும் கண்டபடி பூசேலாது. விரல் நுனியிலையிருந்து முதல் மடிப்பு வரைக்கும் பிதுக்கினால் ரண்டு உள்ளங்கையளவு இடத்துக்குக் காணும். கடலாலை வந்து நல்ல தண்ணியிலை கழுவி, தேய்க்காமல் ஒத்தித் துடைச்சுப்போட்டு, மெல்லிசாப் பூசவேணும். கட்டக்கூடாது. ஏழு நாள் முடியக் கொண்டுவந்து காட்டுங்கோ. சுகமெண்டு நினைச்சு நீங்களாப் பூசிக்கொண்டே இருந்தால் தோல் மெலிஞ்சுபோம். ரண்டு நாளிலை நித்திரைக் குணம் முழுக்கப் போயிடும். நாளைக்கு வள்ளத்திலை போனாலும் சுக்கானைமட்டும் பிடிக்கவேண்டாம்."

ஜெனீற்றா எழும்பவில்லை. "டொக்டர், மருந்தாலைதான் நித்திரை வந்தது எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ. தமிழிலை. எங்கடை சம்மாட்டியார் இங்கிலீசு வாசிக்கமாட்டார்."

செவ்வாய் விடியற்காலை இருவருமாகக் கரைக்குப் போனார்கள். பஸ்ரியாம்பிள்ளை துண்டைத் தூரப் பிடித்து எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"களிம்பு பூசினால் வெறிக்குமோ? நல்ல கதை! அப்ப கள்ளுத் தவறணையிலை இனிக் களிம்பு விக்கலாம்!"

வள்ளத்தடியில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கிறிஸ்தோப்பர் தலையைக் குனிந்தபடி வீட்டுப் பக்கம் திரும்பினான். ஜெனீற்றா அவனுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணிக்குள் இறங்கி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து ஒரு காலைத் தூக்கினாள்.

சிரிப்பு பட்டென்று நின்றது. அந்தக் கரையில் பெண்ணின் கால் பட்ட வள்ளத்துக்கு ஒரு வருடம் மீன் படாது என்பார்கள்.

"பிள்ளை! என்ன செய்யிறாய்? காலை எடு!"

"நானும் வாறன் அண்ணை. சுக்கான் இண்டைக்கு மற்ற ஆள் பிடிக்கட்டும். இவர் வலை இழுப்பார், நான் பக்கத்திலை இருந்து இவரின்ரை கண்ணைப் பாப்பன். ஒருக்கால் மூடினால் நானே இறக்கிக் கூட்டிக்கொண்டு போறன். மூடாட்டி ஊருக்கு முன்னாலை சொன்ன சொல்லை நீங்கள் திருப்பி எடுக்கவேணும்."

"ஐயோ அந்தோனியாரே, தொழில் பாழாப்போகப் போகுது! இறங்கு தாயே, இறங்கு! அவன் வரட்டும்."

"ஒரு நாளைக்கோ?"

"ஒரு கிழமை பாக்கிறன். முதல் காலை எடு!"

அவள் காலை எடுத்தாள். அதுவரை அது வள்ளத்தைத் தொடவேயில்லை, ஒரு விரற்கடை மேலேயே நின்றது. தொடை விறைத்துப்போயிருந்தது.

வள்ளம் போனபின் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கனடா ரியூப்பைக் குப்பைக் கிடங்கில் தாட்டு மண்ணைத் தள்ளி மூடினாள். கிணற்றில் நல்ல தண்ணி அள்ளி வாளியை நிரப்பி, பழைய வேட்டித் துண்டை மடித்து, புதுக் களிம்பைப் பக்கத்தில் வைத்தாள். அலுமாரிக்குள் சேர்த்து வைத்திருந்த சொப்பிங் பாக் அத்தனையையும் அள்ளி அடுப்பில் போட்டாள். புகை கண்ணை எரித்தது, அழுததற்கு அது ஒரு சாட்டாகவும் இருந்தது.

மத்தியானம் றோட்டில் பஸ்ரியாம்பிள்ளையின் குரல்தான் முதலில் கேட்டது. "பிள்ளை, இவன் கண்ணே இமைக்கேல்லை! வெறி எண்டு சொன்னது என்ரை பிழைதான். என்ரை முதுகிலையும் ஒரு கடி கிடக்கு, அந்தக் கனடாச் சாமானிலை கொஞ்சம் இருந்தால்..."

"ஆசுப்பத்திரியிலை போய்க் காட்டுங்கோ அண்ணை. ஒருத்தருக்கு எழுதினது மற்றவருக்கு ஆகாது."

அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். கிறிஸ்தோப்பர் படலையடிக்கு வந்தான். வழக்கம்போல நின்றான். வாயைத் திறந்தான்.

ஜெனீற்றா தண்ணி வாளியோடு வந்து அவன் காலடியில் குந்தினாள்.

"மணந்து பாக்கேல்லையோ?" என்று கேட்டான்.

"வாயை மூடுங்கோ," என்றாள். நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. "காலைத் தாங்கோ."