மூன்றாவது தொட்டிக்கு ஒன்றும் கிடையாது

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று அம்மா சொல்வாள். அன்று அது உச்சந்தலைக்கே ஏறிவிட்டது.

விஷயம் இதுதான். எங்கள் ஆய்வகத்தில் மூன்று கண்ணாடித் தொட்டிகள். மூன்றிலும் தண்ணீருக்குள்ளேயே வளரும் வேலம்பாசி. முதல் தொட்டிக்கு ராஜ உபசாரம்: வெளிச்சம், கரியமில வாயு, உரம். இரண்டாவதற்கு வெளிச்சம் மட்டும். மூன்றாவதற்கு அரையிருட்டும் வெறும் குழாய்த் தண்ணீரும். அது வாடினால்தான் மற்ற இரண்டும் எதனால் செழித்தன என்று நான் நிரூபிக்க முடியும். எடை போட்டுப் பார்த்தால், அது இரண்டாவதை முந்திக்கொண்டு கொழுகொழுவென்று நிற்கிறது! பத்து நாளில் ஆய்வறிக்கை கொடுக்காவிட்டால் என் படிப்பே அம்போ. ஒருநாள்கூடக் கூடுதலாகத் தரமுடியாது என்று பேராசிரியர் இரண்டு முறை கையை விரித்துவிட்டார்.

யார் அதில் கை வைக்கிறார்கள் என்று பிடிக்க, மதியம் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அறையைப் பெருக்கும் அக்கா வந்தார். துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, நேராகப் போய் ஜன்னல் திரையை விலக்கினார். மூன்றாவது தொட்டியில் வெயில் விழுந்தது.

“அக்கா!” என்று பாய்ந்தேன்.

அவர் அசரவே இல்லை. “பின்ன என்ன கண்ணு? அது ரெண்டுக்கும் பார்த்துப் பார்த்து செய்யறே. இதை மட்டும் மூத்தாள் பிள்ளை மாதிரி மூலையில போட்டுட்டே. பாவம் இல்லையா?”

“பாவம் பார்த்தா என் படிப்பு போயிடும்க்கா!”

வெளியே காலடிச் சத்தம். என்ன நினைத்தோமோ, இருவருமே அலமாரிக்குப் பின்னால் பதுங்கினோம். பேராசிரியர் வந்தார், கையில் சோடா பாட்டில். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு மூடி சோடாவை மூன்றாவது தொட்டியில் ஊற்றினார்.

“சார்!”

“அது... முதல்ல ரொம்ப வாடிப் போயிருந்துச்சும்மா. சோடாவுல அந்த வாயுதானே இருக்கு...”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும் சார். ரெண்டு மாசம் வேணும்.” மறுபேச்சில்லாமல் அவகாசக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அறைக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவி என்னிடம் மட்டும். நான்காவது வாரம் மூன்றாவது தொட்டியில் தண்டுகள் வெளிறி நூலாகி, இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நான் கேட்டது இதைத்தான். ஆனாலும், எப்போது போனதென்றே தெரியவில்லை, என் கை ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சட்டென்று வெளியே வந்து பூட்டினேன். சாவியைக் காவலாளியிடம் நீட்டினேன்.

“திங்கக்கிழமை எடை போட, உரம் போட வருவேன். அது தவிர வேற எந்த நாளும், யார் கேட்டாலும் குடுக்காதீங்கண்ணே. முக்கியமா, நான் கேட்டா.”