ஒன்றாம் தரம்

1

இந்தக் கதை என் அப்பாவின் கட்டைவிரலில் பிறந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் இதைப் படிக்கப்போகும் முதல் ஆள் அவர்தான். எழுதிய தாளை மேசையில் விட்டுவைத்தால் போதும், பென்சிலோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "அரசும் சந்தையும் மனிதனின் உள்ளங்கைக்குள் ஒடுங்கிவிட்ட இக்காலகட்டத்தில்"

(நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. பேசினால் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பார்கள்.)

பிறகு இப்படி: "மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் ஒரு ஹெல்மெட்"

இது பரவாயில்லை. ஆனால் ஹெல்மெட் வருவதற்குமுன் அப்பா வந்தாக வேண்டும். பின்னால் வந்தால் கோபித்துக்கொள்வார்.

2

அப்பா துணி ஆலையில் தரம் பார்த்தவர். விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அவர் கண் அதன்மேலேயே இருக்கும். ஒரு பழுதும் இல்லையென்றால் ஓரத்தில் சாக்பீஸால் 1 என்று எழுதுவார். சின்னக் குறை இருந்தால் 2. இப்படியே இறங்கிக்கொண்டு போய் 5 என்றால் கழிவு. மெஷின் துடைக்கப் போய்விடும்.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு. ஆனால் அபிப்பிராயங்களுக்கு ஓய்வு கிடையாது. காலையில் பேப்பரைப் பிரித்ததும் அரசாங்கத்துக்கு ஒரு பாட்டு விழும். "அரசாங்கத்துக்குக் காது கேக்காதும்மா. கம்பெனிக்காரனுக்குக் கேக்கும். வாங்குறவன் வாயைத் திறந்தா ஆடிப்போயிடுவான்." ஒரு சோப்புக் கம்பெனி கட்டியின் அளவைக் குறைத்தபோது அந்தச் சோப்பை அவர் ஒதுக்கி வைத்தார். பல வருஷம் ஆகிறது. கம்பெனி இன்னும் கவனிக்கவில்லை. அவரும் இறங்கிவரவில்லை.

அப்படிப்பட்டவரிடம் மளிகைச் சாமான் கொண்டுவரும் செயலி ஒருநாள், எங்கள் சேவை எப்படி இருந்தது என்று கேட்டது. ஐந்து நட்சத்திரங்களை வரிசையாகக் காட்டியது.

"பாத்தியா, இவன் கேக்குறான்" என்றார். முகம் மலர்ந்துபோயிருந்தது.

(அப்பாவின் பென்சில் இந்த இடத்தில் எழுதியது: முகம் எல்லாம் மலரவில்லை.)

3

இனி ஹெல்மெட் வரலாம்.

சாமான் கொண்டுவரும் பையனுக்கு அப்பா வைத்த பெயர் அது. மூன்று மாடி ஏறி வருவான். லிஃப்ட் கிடையாது. கேட்டருகே பையை வைத்துவிட்டுப் போகலாம் என்று விதி சொல்கிறது. அவனோ அரிசி மூட்டையைச் சமையலறைவரை கொண்டுவந்து வைப்பான். அடுத்த ஆர்டர் எப்போது வேண்டுமானாலும் அடிக்கும் என்பதால் ஹெல்மெட்டை மட்டும் கழற்றமாட்டான். அதைப் போட்டுக்கொண்டே தண்ணீர் குடிப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

"நான் தொழிலாளி இல்லையாம்யா. பார்ட்னராம்."

"பார்ட்னரா? அப்ப லாபத்துல பங்கு?"

"பெட்ரோல் செலவுல பங்கு."

அப்பா அதை அன்று முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவன் வரும்போதெல்லாம் போனை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். கருத்துச் சொல்வது குடிமகனின் கடமை என்பார்.

4

பிறகு ஒருநாள் வேறொருவன் வந்தான். மூட்டையைக் கேட்டருகே போட்டுவிட்டுப் போய்விட்டான். பழைய ஆள் எங்கே என்று அப்பா மாடியிலிருந்து கத்திக் கேட்டார். "அவன் ஐடியை பிளாக் பண்ணிட்டாங்க சார், ரேட்டிங் இல்லைன்னு" என்று பதில் வந்தது.

அப்பா அரசாங்கத்திலிருந்து ஆரம்பித்து எல்லோரையும் திட்டிக்கொண்டே போனை எடுத்தார். எட்டிப் பார்த்தேன். ஐந்து நட்சத்திரமும் எரிந்தன.

"என்னப்பா, அஞ்சு போடுறீங்க?"

"மூட்டையைத் தூக்கிக் கேட்ல எறிஞ்சிட்டுப் போறான். அஞ்சு போடாம?"

"ஹெல்மெட் தம்பிக்கு என்ன போட்டீங்க?"

"ஒண்ணு. எப்பவும் ஒண்ணுதான். அதுல என்ன சந்தேகம்?"

இதில் ஐந்துதான் உசத்தி, ஒன்று கழிவு என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"அவர் உலகமே நொறுங்கி" (வேண்டாம்.) அப்பா எழுந்துபோய்த் தன் டம்ளரைக் கழுவினார். கழுவின டம்ளரையே திரும்பவும் கழுவினார்.

அப்புறம் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போடச் சொன்னார். "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றது பதிவு செய்த குரல். "அதுதான் தப்பாயிடுச்சும்மா" என்றார் அப்பா அதனிடம், ரொம்பத் தணிந்து. அது திரும்பவும் முக்கியம் என்றது. எனக்கு அழுகை வந்தது. எழுத்தாளர் அழுததைக் கதையில் எழுதக் கூடாது என்பார்கள். வந்தது, எழுதிவிட்டேன்.

5

ஒரு வீட்டு மார்க்கில் ஒருவனுக்கு வேலை போகுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மழைக்காலத் தாமதங்களால் அவன் ரேட்டிங் ஏற்கெனவே விளிம்பில் இருந்திருக்கிறது. அதிகம் ஆர்டர் செய்தது எங்கள் வீடு. அவன்தான் வர வேண்டும் என்று அப்பா உப்புக்கு ஒருமுறை, புளிக்கு ஒருமுறை என்று தனித்தனியாக ஆர்டர் போட்டார்.*

* பாசத்தாலும் ஒருவரைக் கவிழ்க்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

வண்டி ஓட்டுகிறவர்களின் சங்கத்தைத் தேடிப்போனோம். ஒரு டூவீலர் மெக்கானிக் ஷெட்டின் பின்னறை. அங்கே இருந்த சங்கத்து அக்காவும் ஒருகாலத்தில் சாமான் கொண்டுபோனவர்தான். தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணைக்குத் தேதி வாங்கியிருந்தார்.

"ஒருத்தரை நிறுத்துறதுக்கு முன்னாடி கூப்பிட்டுக் கேக்கணும். நாங்க கேக்குறது அவ்வளவுதான். பார்ட்னருக்கு அதெல்லாம் கிடையாதுங்கறாங்க."

"நான் வந்து, தப்பா அழுத்திட்டேன்னு சொல்லிடறேன்" என்றார் அப்பா.

அக்கா தலையசைத்தார். "சொன்னா, வாடிக்கையாளர் தப்புன்னு சிரிச்சிக்கிட்டே இவன் ஐடியை மட்டும் திருப்பிக் குடுத்துடுவாங்கய்யா. கேஸ் முடிஞ்சிரும். அடுத்தவனை நாளைக்கே நிறுத்துவாங்க."

"சொல்லலைன்னா?"

"கேஸ் நிலைச்சு நிக்கும். இவன்தான் இன்னும் காத்திருக்கணும்."

அவன் வீட்டில் அப்போது மனைவியின் தையல் மெஷின் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

(இதுவரை படித்துவிட்டு அப்பா தாளின் மூலையில் 3 என்று போட்டிருந்தார். யார் கணக்கில் என்று கேட்கவில்லை. மூன்று எந்தக் கணக்கிலும் மூன்றுதான்.)

6

முடிவுகள், இப்போதைக்கு:

அ. அப்பா சொல்கிறார். ஹெல்மெட் மறுபடி மாடி ஏறுகிறது. வேறொரு தெருவில் வேறொரு ஹெல்மெட் காணாமல் போகிறது.

ஆ. அப்பா வாயைத் திறக்கவில்லை. சங்கம் ஜெயிக்கிறது. அதற்குள் அவன் ஊரைவிட்டே போய்விடுகிறான். அப்பா அதன்பிறகு பேப்பர் படிப்பதில்லை.

இ. கம்பெனி முதலாளி நேரில் வந்து மன்னிப்புக் (கற்பனைக்கும் ஓர் அளவு உண்டு.)

7

இனி நடந்தது.

தொழிலாளர் அலுவலகத்து நடையில் ஒரு நீள பெஞ்ச். ஒரு முனையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். அப்பா அவனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். அவன் சிரித்தான். அப்போதுதான் அவனென்று தெரிந்தது. ஹெல்மெட் இல்லாமல் நாங்கள் அவனைப் பார்த்ததே இல்லை.

"தம்பி" என்றார் அப்பா. "உனக்கு ஒண்ணு போட்டது நான்தான்."

"தெரியும்யா."

"யாரு சொன்னா?"

"நீங்கதான். என் எதிர்லயே அழுத்திக் காட்டினீங்களே. 'பாரு, நீதான் ஃபர்ஸ்ட்'னு."

"அப்பவே சொல்றதுக்கென்னடா?"

அவன் தலையைத் தடவிக்கொண்டான். "சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுவரைக்கும் என்னைப் பாத்து யாரும் அப்படிச் சொன்னதில்லைய்யா. இன்னொரு தடவை கேட்டுட்டுச் சொல்லலாம்னு விட்டேன். அப்படியே கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்."

(இவனை நான் கற்பனையில் படைத்திருந்தால் இந்த வரியை அடித்திருப்பேன். பிழைப்பை இப்படியா ஒருவன் விடுவான், நம்பமாட்டார்கள் என்று. அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். என்ன செய்ய?)

அப்பா அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "உள்ள போய் நான் என்ன சொல்லட்டும்?"

கூட வந்திருந்த சங்கத்து அக்கா அவனைப் பார்த்தார். அவன் அவசரப்படாமல் சொன்னான்: "ஒண்ணு போட்டேன்னு சொல்லுங்க. அதோட நிறுத்திக்குங்க. ஏன் போட்டீங்கன்னு அவங்க கேக்கட்டும். கேட்டிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்ல?"

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இதை எனக்கு யாரும் சொல்லிக்குடுக்கலையேடா" என்றார்.

கதவு திறந்தது. சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் வரலாம் என்றார்கள். எழுதுகிறவள் சம்பந்தப்பட்டவளில்லை, அதனால் நான் எழவில்லை. அப்பா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று ஒதுங்கி வழிவிட்டார்.

"நீ முன்னாடி போ தம்பி" என்றார். "நீதான் ஃபர்ஸ்ட்."

கதவு சாத்திக்கொண்டது. பெஞ்சில் என் பக்கத்தில் இடம் இருக்கிறது. முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்தான்: என் அப்பாவுக்கு மார்க் போடுவதற்கு முன்னால், ஏன் என்று அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.