லென்ஸில் சந்தனம்

ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப்பின் லென்ஸில் சந்தனம். நட்டநடுவில் குங்குமம் வேறு. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து இன்றுதான் லேபைத் திறக்கிறோம். லேத்துக்கும் பஸ்ஸுக்கும் வைப்பதுபோல் இதற்கும் வைத்து, காய்ந்ததைத் துணியால் அழுத்தித் தேய்த்தும் இருக்கிறார்கள். கண்ணாடி முழுக்கக் கீறல்.

"யாரு வெச்சது?"

"எச்.ஓ.டி. சாரே தான் மேடம். மெஷினுக்கு இதானே கண்ணு, இங்கதான் வெக்கணும்னாரு," என்றார் அட்டெண்டர் முனிராஜ்.

அல்சூர் ஏரித் தண்ணீரிலிருந்து எடுத்து நான் வளர்த்த அமீபாக்கள், நூல்போல் கால் நீட்டி நகரும். அதுதான் என் ஆராய்ச்சி. சாதாரண மைக்ராஸ்கோப்பில் அந்தக் கால்கள் தெரியாது, ஒளி அவற்றை அப்படியே ஊடுருவிப் போய்விடும். சாயம் போட்டால் உருண்டு செத்துவிடும். உயிரோடு பார்க்க இந்த ஃபேஸ் கான்ட்ராஸ்ட் ஒன்றுதான் வழி. செல்லுக்குள் ஒளி கொஞ்சம் தாமதமாகிறதே, அந்தத் தாமதத்தை இருட்டும் வெளிச்சமுமாக மாற்றிக் காட்டும். சென்னையிலிருந்து பரிசோதகர் வந்து கீழே காபி குடித்துக்கொண்டிருக்கிறார். அவை நகர்வதை அவர் கண்ணால் பார்த்தால்தான் எனக்குப் பட்டம்.

எச்.ஓ.டி. அனந்தபத்மநாபன் பொரியை மென்றுகொண்டே வந்தார்.

"எதுக்கு மகா இப்படிக் கத்தறே? சாமி காரியம். அந்த சாதா மைக்ராஸ்கோப்ல நீலச் சாயம் போட்டுக் காட்டு."

"செத்துடும் சார்! நகர்றதத்தானே காட்டணும்?"

"எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ சும்மா இரு."

சும்மா இருக்கணுமாம்! ராப்பகலாக அந்தத் தண்ணீரைக் காத்தவள் நான். இவருக்கு என்ன தெரியும்? என் கையிலிருந்த ஸ்லைடை வெடுக்கென்று பிடுங்கினார். நான் தடுப்பதற்குள் சாயத்தைக் கொட்டிவிட்டார். பாவி மனுஷன்! சாதாரண மைக்ராஸ்கோப்பில் அதை வைத்து நான் குனிந்து பார்த்தேன். நீல நீல உருண்டைகள். ஒன்றுக்கும் கால் இல்லை.

பரிசோதகர் உள்ளே வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

"அடடா, எவ்ளோ தெளிவா இருக்கு," என்றார். "எப்போ நகரும்?"

"கொஞ்சம் பொறுங்க சார், நகரும்," என்றார் அனந்தபத்மநாபன், என்னை முறைத்துக்கொண்டே.

பரிசோதகர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் காத்திருந்தார்.