கழுத்தை மறைத்த துப்பட்டா

சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் கைப்பேசி அலறியதும் நூருன்னிசா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். நாகூரிலிருந்து தங்கை ஜெசிமாவின் வீடியோ கால்.

"முக்காடு, முக்காடு," என்று சிராங்கூன் ரோடு கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் சேக் தாவூது துப்பட்டாவை நீட்டினார். அவள் அதைக் கழுத்து மறையச் சுற்றிக்கொண்டாள்.

சகோதரிகள் இருவருக்கும் ஒரே வருடத்தில் தைராய்டு புற்றுநோய். சிங்கப்பூரில் நூருன்னிசாவுக்கு மூன்றே வாரத்தில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. ஊரில் ஜெசிமா ஐந்து மாதமாகக் காத்திருந்தாள். தங்கை மனம் உடைந்துவிடக் கூடாதென்று, இங்கும் பெரிய கியூ என்று நூருன்னிசா சொல்லிவைத்திருந்தாள். முக்காடு, தழும்பை மறைக்க.

திரையில் ஜெசிமா சிரித்தாள். "லாத்தா, தேதி கிடைச்சிடுச்சு. வர்ற திங்கக்கிழமை."

நூருன்னிசாவுக்குக் கண் கலங்கியது. "அல்ஹம்துலில்லாஹ். நாளைக்கே ஃப்ளைட் பிடிச்சு வர்றேன்."

"அப்ப உங்க கியூ என்னாகும்?"

நூருன்னிசா துப்பட்டாவை இன்னும் இறுக்கிக்கொண்டாள். சேக் தாவூது மெல்ல வாசல் பக்கம் நழுவினார்.

"துப்பட்டாவை எடுங்க, லாத்தா," என்றாள் ஜெசிமா. "வீட்டுக்குள்ள முக்காடே போடாத நீங்க, நாலு மாசமா அதைப் போட்டுக்கிட்டுப் பேசுறப்பவே உங்களுக்கு ஆப்பரேஷன் முடிஞ்சிருச்சுன்னு எனக்குத் தெரியும், தழும்பைக் காட்டுங்க, எனக்கும் அதேதான வரப்போவுது."